நெட்டைச்சி எந்திரத்தை நிறுத்திய கதை

அந்தக் காலத்தில் காக்கைக்கும் பேச்சு உண்டு, பருந்துக்கும் பேச்சு உண்டு. மரத்திலும் தகரத்திலும் செய்த பறக்கும் வண்டிகளுக்கோ வாயை மூடவே தெரியாது. விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை டபடபடபவென்று ஒரே இரைச்சல். எந்திரம் சுற்றினால் பறக்கும், எந்திரம் நின்றால் கீழே வரும். இதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. 'சத்தம் நின்னா செத்தோம்' என்பது வண்டி ஓட்டுகிறவர்கள் தாய்ப்பாலோடு குடித்த பழமொழி.

வண்டிகள் நின்ற ஊருக்குப் பொட்டல்பட்டி என்று பெயர். மரம் மட்டை இல்லாத கரிசல் வெளி, மேற்கே கண்ணுக்கெட்டிய தூரத்தில் கூனிமலை. அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வானத்தில் வண்டிச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டால் யாரும் அண்ணாந்து பார்க்கக் கூடாது. விழுகிற உயிரைப் பார்த்தால் பார்த்த கண் அவிந்துபோகும் என்று எவரோ எப்போதோ சொல்லிவைத்தது. சத்தம் நின்றதும் ஊரே தலையைக் குனியும். பெண்கள் கூந்தலை அவிழ்ப்பார்கள், ஆண்கள் உடலைச் சுமந்துவரக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஏன் எதற்கு என்று கேட்டால், "பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

அந்த ஊரில் இரண்டு வண்டிகள். ஒன்றின் பெயர் இடிமுழக்கம். குட்டை இறக்கை, குண்டு வயிறு, அண்டா அளவு எந்திரம். கிளம்பினால் கோழிகள் முட்டை போட மறந்துவிடும். இன்னொன்று நெட்டைச்சி. அவள் இறக்கைகள் ஒரு வீதியை அடைத்துக்கொள்ளும் நீளம். செய்த ஆசாரியிடம் ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "மரம் அப்படி வந்துச்சு. இவ்வளவு நல்ல மரத்தை அறுத்துத் துண்டு போட மனசு வரலை" என்று சொல்லிவிட்டார். இறக்கைக்கே எல்லாம் செலவாகிப்போக, மிச்சமிருந்த இரும்பில் ஒரு சின்ன எந்திரம் வைத்தார். அது கிளம்பும்போது பத்துத் தும்மல் தும்மிவிட்டுத்தான் கிளம்பும்.

நெட்டைச்சியை ஓட்டியவள் மாடத்தி. ஊரிலேயே பெரிய வாயாடி என்று அவள் மாமியாரே பட்டம் கட்டிவிட்ட மருமகள். வேறு யாரும் தொடாத வண்டியைத் தனக்குத் தள்ளிவிட்டார்கள் என்று முதலில் மாடத்திக்கு வருத்தம்தான். பிறகு பழகிவிட்டது. தும்மினாலும் தன் வண்டி அல்லவா!

ஒரு பங்குனி மாதம், உச்சிவெயில். கூனிமலையிலிருந்து ஒரு காக்கை மூச்சிரைக்கப் பறந்து வந்து மாடத்தி முன்னால் விழுந்தது.

"மாடத்தி! உன் தங்கச்சி பேச்சித்தாயை விரியன் தீண்டிடுச்சு!"

மாடத்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடப் பிறந்தது அந்த ஒருத்திதான். மலைமேல் வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

"உசுரு இருக்கா?" என்றாள்.

"இருக்கு. பச்சிலை வச்சுக் கட்டியிருக்காங்க. பொழுது சாயுற வரைக்கும்தான் அது தாங்குமாம். அதுக்குள்ள உங்க ஊர் வைத்தியர்கிட்ட இருக்கிற விஷமுறிவு மருந்து போய்ச் சேரணும்."

கால்நடையாகப் போனால் மலைக்கு இரண்டு நாள். பறந்துதான் போக வேண்டும். மருந்துக் குப்பி உடனே வந்துவிட்டது, காக்கையால் தூக்க முடியாத கனம். எண்ணெய்தான் இல்லை! எண்ணெய் வண்டி அச்சு முறிந்து வழியில் எங்கோ கிடந்தது. ஊரெல்லாம் துழாவியும் தேறியது அரை டின்.

மாடத்தியின் கணவன் குமரையா அரை டின்னைத் தூக்கிக்கொண்டு இடிமுழக்கத்திடம் ஓடினான். "அண்ணாச்சி, நீங்கதான் வேகம். எப்படியாவது..."

இடிமுழக்கம் கர்வம் பிடித்தவன்தான், ஆனால் பொய் சொல்லமாட்டான். "குமரையா, அரை டின் எனக்கு வாய் கொப்பளிக்கவே பத்தாது. கால் வழியில நின்னுருவேன். நின்னா மருந்தும் உடையும், நானும் உடைவேன்."

"எனக்கு ஊத்துங்க" என்றாள் நெட்டைச்சி.

"உனக்கு மட்டும் பத்துமாக்கும்?" என்று கேட்டான் இடிமுழக்கம்.

"பத்தாது. பாதி வழி போவேன்."

மாடத்தி இரண்டு பேரையும் பார்த்தாள். மேற்கே மலையைப் பார்த்தாள். "பாதி வழி போனா மிச்சம் பாதியை ஓடியாவது கடப்பேன். சும்மா இருந்தா ஒண்ணும் ஆகாது. ஊத்துங்க" என்றாள். ஓடிக் கடக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும்.

குமரையா எண்ணெயை ஊற்றினான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. "ஏளா, பார்த்துப் போ" என்றான். மாடத்தி மருந்துக் குப்பியை ஒரு துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். நெட்டைச்சி பத்துத் தும்மல் தும்மினாள், பதினோராவதில் எந்திரம் பிடித்துக்கொண்டது.

ஊரைத் தாண்டி, கருவேலங்காட்டைத் தாண்டி, செம்பாறைக் குன்றுக்கு மேலே வந்தார்கள். மாடத்தி எண்ணெய்ப் பெட்டியின் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தாள். பாதிக்குமேல் காலி. மலை இன்னும் நீலமாகவே தெரிந்தது. கிட்டே வந்தால் அல்லவா பச்சையாகத் தெரியும்?

"தங்கச்சி, தங்கச்சி" என்று வாய்விட்டே அழத் தொடங்கினாள்.

அப்போது பக்கத்தில் ஒரு பெண்பருந்து வந்து சேர்ந்தது. வந்ததே சண்டை போடத்தான்.

"ஏ பொண்ணே! உங்களுக்கெல்லாம் அறிவிருக்கா? கீழே கூட்டுல என் குஞ்சு இப்பத்தான் கண்ணசந்துச்சு. டபடபன்னு வந்து எழுப்பிட்டீங்களே! ஒருநாளாவது வாயை மூடிக்கிட்டுப் போக மாட்டீங்களா?"

"நானே உசுரு போகுற அவசரத்துல இருக்கேன், நீ வேற!" என்று மாடத்தியும் பதிலுக்குக் கத்தினாள். "மலைக்கு மருந்து கொண்டுபோறேன். எண்ணெய் பத்தலை. என் தங்கச்சி சாகக் கிடக்கா. போதுமா?"

பருந்து கொஞ்சம் தணிந்தது. குஞ்சு பெற்றவள் அல்லவா? "பத்தலைன்னா நிறுத்தி வச்சுக்கோயேன். எதுக்கு வீணா எரிக்கிறே?"

"நிறுத்தினா விழுந்துருவோம்!"

"யார் சொன்னா? நான் காலையிலிருந்து எத்தனை தடவை இறக்கையை அடிச்சேன்னு நினைக்கிறே? கிளையை விட்டுக் கிளம்பும்போது ஒரு பத்துத் தடவை, அவ்வளவுதான். வெயில்ல பாறை காயுதில்ல, அது மேலே இருக்கிற காத்தும் காய்ஞ்சு மேலே ஏறும். அதுல ஏறி உட்கார்ந்துக்கிட்டா அதுவே தூக்கிக்கிட்டுப் போகும். குட்டை இறக்கைக்காரங்களுக்கு அது ஆகாது. இவ இறக்கையைப் பார்த்தா எங்க சாதி சனம் மாதிரி இருக்கு."

நெட்டைச்சிக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிறந்ததிலிருந்து அந்த இறக்கையை யாரும் நல்லபடியாகச் சொன்னதே இல்லை.

"நீ சத்தத்தை நிறுத்து. காத்து எங்கே ஏறுதுன்னு நான் காட்டுறேன். எனக்கு என் பிள்ளை தூங்கணும், உனக்கு உன் தங்கச்சி பிழைக்கணும். சரிதானே?" என்றது பருந்து.

மாடத்தி எண்ணெய்க் குழாயின் திருகில் கை வைத்தாள். வைத்த கை வைத்தபடி நின்றது. அவள் அப்பனும் வண்டி ஓட்டியவர்தான். ஒருநாள் சத்தம் நின்றது, அவர் வீடு திரும்பவில்லை.

"நெட்டச்சி, என்னடி சொல்றே?"

"எண்ணெய் தீர்ந்தா தானாவே நிக்கப்போகுது அக்கா. அது தீர்ந்து நிக்கிறதை விட, கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நாமளா நிறுத்திப் பார்ப்போம்."

நியாயமான பேச்சு. மாடத்தி குலசாமியை நினைத்துக்கொண்டு திருகை மூடினாள்.

டப. டப. டப்.

அப்புறம் சத்தமே இல்லை.

மாடத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒன்று எண்ணினாள், இரண்டு எண்ணினாள், பத்து வரை எண்ணினாள். இன்னும் எலும்பு உடையவில்லையே என்று மெல்ல ஒரு கண்ணைத் திறந்தாள். செம்பாறைக் குன்று இருந்த இடத்திலேயே இருந்தது. நெட்டைச்சி மிதந்துகொண்டிருந்தாள்! கொஞ்சம் இறங்கினாள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூழ் குடித்துவிட்டு ஏப்பம் விடுகிற அவகாசத்தில், அவசரமே இல்லாமல் இறங்கினாள்.

"அந்த விசிறியை ஏன் அகலக் காட்டிக்கிட்டு நிக்கிறே? காத்தைத் தடுக்குது பாரு. ஒருக்களிச்சு வை!" என்று அதட்டியது பருந்து. நெட்டைச்சி மூக்கிலிருந்த விசிறியின் இலைகளைக் காற்றுக்கு விலா காட்டும்படி திருப்பிக்கொண்டாள். "இப்ப என் பின்னாலேயே வட்டம் போடு. அகலமாப் போகாதே, காத்தை விட்டு வெளியே விழுந்துருவே."

வட்டம் போட்டார்கள். முதல் வட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வட்டத்தில் யாரோ அடியில் கை கொடுத்துத் தூக்கியது போல் ஒரு குலுக்கல். ஐந்தாவது வட்டத்தில் குன்று சின்னதாகிவிட்டது. பத்தாவதில் கருவேலங்காடே பாய் அளவுக்கு ஆகிவிட்டது. எந்திரம் சுற்றி எண்ணெய் குடித்தபோதுகூட நெட்டைச்சி இவ்வளவு உயரம் போனதில்லை.

மாடத்திக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முதன்முதலாக வானத்தில் காற்றின் சத்தம் கேட்டது. கீழே தூரத்தில் ஊர்க்காரர்கள் வயலில் நிற்பது தெரிந்தது. முந்தானையை எடுத்து, "நான் நல்லா இருக்கேன்!" என்று வீசி வீசிக் காட்டினாள்.

ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்து நின்றார்கள். சத்தம்தான் நின்றுவிட்டதே!

"ஐயையோ, எனக்கு எழவு கூட்டுறாங்கடி!" என்றாள் மாடத்தி.

"கூட்டட்டும் அக்கா, வந்து கலைச்சுக்கலாம்" என்றாள் நெட்டைச்சி.

ஒரு சூட்டுக் காற்றில் ஏறி, அங்கிருந்து மேற்கே சறுக்கி, அடுத்த சூட்டுக் காற்றைப் பிடித்து மறுபடி ஏறி, இப்படியே நாலு குன்று தாண்டினார்கள். மலை நீலத்திலிருந்து பச்சைக்கு வந்தது. அடிவாரத்துக்கு வந்ததும் பருந்து நின்றுவிட்டது.

"இதுக்கு மேலே என் எல்லை இல்லை. பிள்ளை முழிச்சிருப்பான், நான் போறேன். சீக்கிரம் போ, வெயில் இறங்கினா இந்தக் காத்தும் இறங்கிரும்."

அது சொல்லி வாய் மூடவில்லை, மலையின் நிழல் அவர்கள்மேல் விழுந்தது. தூக்கிக்கொண்டிருந்த காற்று கையை விட்டுவிட்டது. நெட்டைச்சி இறங்கத் தொடங்கினாள். பேச்சித்தாயின் குடிசை இருந்ததோ மலைமேல், இரண்டு பனை உயரம் இன்னும் ஏற வேண்டும். எதிரே பாறைச் சுவர்.

"இப்பத்தான் எந்திரம் வேணும்!" என்று மாடத்தி திருகைத் திறந்தாள். தும்மல் வந்தது. எந்திரம் வரவில்லை. இவ்வளவு நேரம் உயரத்துக் குளிர்காற்றில் கிடந்து விறைத்துப்போயிருந்தது. பத்துத் தும்மல் ஆயிற்று, பதினைந்தும் ஆயிற்று.

"அக்கா, முடியலை!" என்று நெட்டைச்சி அலறினாள்.

மாடத்தி பாறையைப் பார்த்தாள். மேற்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அழுவதற்கு நேரமில்லை. "விசிறியை நேராத் திருப்பு. மூக்கைக் கீழே போடு."

"கீழேயா? நாம மேலேல்ல போகணும்!"

"நான் சொல்றதைக் கேளுடி! நகராத வண்டியை இறக்கத்துல தள்ளிவிட்டா சக்கரம் தானா உருளாதா? விழுகிற வேகத்துல காத்து விசிறியைச் சுத்தி விடும். விசிறி சுத்தினா எந்திரம் சுத்தும்."

கைவசம் இருந்ததே கொஞ்சம் உயரம், அதையும் விட்டுக்கொடுக்கச் சொன்னாள் அந்தப் பெண். நெட்டைச்சி கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தாழ்த்தினாள். மரங்களின் உச்சி விர்ரென்று கிட்டே வந்தது. விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது, இரண்டு சுற்றுச் சுற்றியது. ஒரு பெரிய தும்மல்.

டபடபடபடப!

மாடத்தி வாழ்நாளில் அவ்வளவு இனிமையான சத்தத்தைக் கேட்டதில்லை. இலைகளை உரசிக்கொண்டு நெட்டைச்சி எழுந்தாள், பாறைச் சுவரைத் தாண்டினாள், குடிசைக்குப் பக்கத்துத் தினைக்காட்டில் குதித்துக் குதித்துப் போய் நின்றாள். நின்றதும் எண்ணெய் சுத்தமாகத் தீர்ந்து எந்திரமும் நின்றது. ஒரு நிமிஷம் முன்னால் தீர்ந்திருந்தால் இந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்கமாட்டேன்.

பேச்சித்தாயின் கணவன் ஆவுடையான் ஓடிவந்தான். "மதினி, மதினி, மருந்து இருக்கா?"

மாடத்தி இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். முடிச்சு அவிழவில்லை, குப்பி உடையவில்லை. அதைக் கொடுத்துவிட்டு அப்படியே தினைத்தட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

விடியற்காலையில் பேச்சித்தாய் கண் விழித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "நீ எப்ப வந்தே? சாப்பிட்டியா?" என்று கேட்டாள். மாடத்தி, "சாகக் கிடந்துட்டுக் கேக்குற கேள்வியைப் பாரு!" என்று திட்டிவிட்டு, தங்கச்சியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நேற்று அழ நேரமில்லாமல் மிச்சம் வைத்தது முழுக்க அப்போதுதான் வெளியே வந்தது.

தானும் தங்கச்சியும் பிழைத்த சேதியைச் சொல்லச் சொல்லி மாடத்தி, மலைக்குத் திரும்பியிருந்த காக்கையை உடனே ஊருக்கு அனுப்பினாள். வெயில் ஏறியதும் தானும் கிளம்பினாள். எண்ணெயா? அது எதற்கு? மலைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து நெட்டைச்சியைச் சரிவில் தள்ளிவிட்டார்கள். அவ்வளவுதான், சத்தமில்லாமல் மிதந்துகொண்டே ஊர் வந்து சேர்ந்தாள்.

ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்கிறீர்கள்? இரவெல்லாம் பந்தம் பிடித்துக் கருவேலங்காட்டில் தேடியும் உடல் கிடைக்கவில்லை என்று, காலையில் வாழையிலை விரித்து மாடத்திக்குச் சோறு படைத்து, "வா தாயி, காக்காயா வந்து எடுத்துக்கோ" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து மலைக் காக்கை சேதி சொல்ல வந்து இறங்கியிருக்கிறது!

"மாடத்தி வந்துட்டா!" என்று ஊரே கும்பிட்டு விழுந்தது.

"நான் மாடத்தி இல்லை! மாடத்தி உசுரோட இருக்கா!" என்று காக்கை தொண்டை கிழியக் கத்தியது.

"பாருங்க, செத்தும் அவ வாய் அடங்கலை!" என்று கூட்டம் இன்னும் உரக்க அழுதது. சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுக் காக்கை சோற்றில் வாய் வைத்துவிட்டது. எவ்வளவு நேரம்தான் கத்துவது? நெய்ச்சோறு வேறு.

நெட்டைச்சி கூட்டத்துக்குப் பின்னால் பூனை மாதிரி வந்து இறங்கினாள். ஒருவரும் திரும்பவில்லை. மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். "அதிர்ந்து பேசாத என் மருமகளே! எதிர்த்துப் பேசாத உத்தமியே!"

மாடத்தி கொஞ்ச நேரம் ஆசை தீரக் கேட்டுவிட்டு, "அத்தை, கடைசியாச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். மாமியார் பாதி அழுகையில் வாயைத் திறந்தபடி நின்றாள். குமரையா மட்டும் ஓட்டமாக ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். ராத்திரி முழுக்க முள்ளுக்காட்டில் அலைந்த கால்களில் ரத்தம் காய்ந்திருந்தது.

"பேச்சித்தாய் பிழைச்சுட்டா. நானும் நல்லா இருக்கேன். அழாதீங்க" என்றாள் மாடத்தி. அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "சத்தம் நின்னப்ப ஏங்க அண்ணாந்து பார்க்கலை? உங்க கண்ணுக்கு எட்டுற தூரத்துலதானே இருந்தேன்? எவ்வளவு நேரம் முந்தானையை வீசினேன் தெரியுமா?"

"பார்க்கக் கூடாதுன்னு..." என்று இழுத்தான் குமரையா. ஒரே ஒருமுறை தலையை நிமிர்த்தியிருந்தால் இந்த ஒரு ராத்திரி இல்லாமல் போயிருக்கும் என்று அவனுக்கு உறைத்துவிட்டது.

அந்த வழக்கத்தை ஊர் அன்றைக்கே விட்டுவிட்டது. விட்டுவிட்டோம் என்று யாரும் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை.

இடிமுழக்கத்துக்கு ஆசை விடவில்லை. எண்ணெய் வந்ததும் உயரே போய் அவனும் எந்திரத்தை நிறுத்திப் பார்த்தான். பொத்தென்று விழவில்லை, சறுக்கிக்கொண்டுதான் வந்தான். ஆனால் சூட்டுக் காற்று அந்தக் கனத்தையும் குட்டை இறக்கையையும் ஏந்தவே இல்லை. வட்டம் போடப் போடக் கீழேதான் வந்தான். பாதியில் பதறிப்போய் எந்திரத்தை முடுக்கிக்கொண்டு இறங்கி, "சரிதான். அவசரமா நேர்வழியில பாரம் சுமக்கணும்னா என்னைக் கூப்பிடுங்க. காத்துல உட்கார்ந்து போறதெல்லாம் அவளுக்குத்தான் வரும்" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டான்.

நெட்டைச்சியின் வம்சத்துக்கு இன்று மோட்டார் கிளைடர் என்று பெயர். அன்று முதல்தான் அந்த வம்சம், ஒல்லி உடம்பும் நெட்டை இறக்கையுமாக, தரையை விட்டு ஏற மட்டும் எந்திரத்தைச் சுற்றிவிட்டு, உயரம் வந்ததும் அதை அணைத்து, விசிறியை ஒருக்களித்துக் காற்றின்மேல் ஏறிக்கொள்கிறது. மற்ற விமானங்கள் எந்திரத்தை நம்பியே இன்றும் இரைந்துகொண்டு போகின்றன. அன்று முதல்தான் வானத்தில் ஒரு சத்தம் நின்றால், வீட்டில் காத்திருப்பவர்கள் வயிற்றில் அடித்துக்கொள்ளாமல், "காத்து கிடைச்சிருச்சு போல" என்று சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போடுகிறார்கள்.